40 கிலோ என்றால் ஒல்லியா?

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் 19 வயதுப் பெண் ஒருவர் வேலைக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உயரம் 152 செ.மீ., எடை 40 கிலோ, பிஎம்ஐ 17.3. பெரியவர்களுக்கு வகுத்த 18.5 என்ற கோட்டின்படி இவர் எடை குறைந்தவர். ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு 19 வயதுவரை வளரிளம் பருவம்தான். அதன் 2007-ஆம் ஆண்டு வயதுவாரி அட்டவணையில் இந்த வயதுக்கு மெலிவின் கோடு ஏறக்குறைய 16.5, அதன்படி இவருக்குக் குறையில்லை. ஒரே உடல், இரண்டு தீர்ப்பு. இந்த உயரத்துக்கு இரண்டு கோடுகளுக்கும் உள்ள இடைவெளி சுமார் நாலரை கிலோ.

அந்த அட்டவணையே பழைய அமெரிக்கப் பிள்ளைகளின் அளவுகளில் எழுந்தது, நமக்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் தனி வரைபடம் வெளியிட்டது. ஆனால் எந்தக் கோட்டை எடுத்தாலும் தராசு சொல்லாத ஒன்று இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழகத்தில் 15–49 வயதுப் பெண்களில் எடை குறைந்தவர்கள் 12.6 சதவீதம், அதிக எடை உள்ளவர்கள் 40.4, ரத்தசோகை உள்ளவர்கள் 53.4. ஒல்லியானவர்கள் அத்தனை பேருக்கும் ரத்தசோகை என்றே கொண்டாலும், நூற்றில் சுமார் நாற்பது பேர் ஒல்லியாக இல்லாமலே சோகையோடு இருக்கிறார்கள். 'பூசினாற்போல இருக்கிறாள், அவளுக்கென்ன' என்கிற பேச்சு இங்கேதான் பொய்க்கிறது. எடையோடு ஹீமோகுளோபினும் (12 கிராமுக்குக் கீழே என்றால் சோகை), மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு உண்டா என்பதும், ஆறு மாதம் முன்பு எடை என்ன என்பதும் தெரிய வேண்டும். 44-லிருந்து இறங்கி வந்த 40 வேறு, 38-லிருந்து ஏறிய 40 வேறு.

இப்படி அளந்தால் ஆளைக் கழித்துவிடவே அது பயன்படும் என்ற அச்சம் வெறும் கற்பனையல்ல. ஆகவே அளவு வேலைக்கு எடுக்கும் மேசையில் இருக்கக் கூடாது. சேர்ந்த பிறகு, ஆரம்ப சுகாதார நிலையத்தின் கையில், அந்தப் பெண்ணின் சொந்த அட்டையில் இருக்க வேண்டும். தட்டில் என்ன விழுகிறது என்பதையும் அதோடு பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது விடுதிச் சாப்பாட்டால் உடன் வேலை செய்தவர்கள் நோயுற்றதற்காகத்தான். பள்ளியை விட்ட வளரிளம் பெண்களுக்கு வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை அங்கன்வாடி வழியாகப் போகிறது. ஊரை விட்டு வந்து ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கட்டில் மாறும் பெண்ணின் பெயர் எந்த அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கும்?