சிறுநீரகத்திற்கு என்ன விலை?

செஞ்சிச் சந்தையில் நெல் விற்பவர் எவரும் கூச்சப்படுவதில்லை. விற்கவென்றே விளைந்தது அது. மனித உறுப்பும் சந்தைக்கு வந்தால் ஒழுக்கம் என்னவாகும்? சென்னை இதைக் கண்டிருக்கிறது.

1980-களிலும் 90-களிலும் வில்லிவாக்கத்து ஏழைகள் பலர் தம் சிறுநீரகம் ஒன்றை விற்றனர். ‘கிட்னிவாக்கம்’ என்ற பெயரே அவ்வூருக்கு ஏற்பட்டது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனையைத் தடுத்தது. ஆனால் உறவினர் அல்லாதாரும் அன்பின் காரணமாகத் தரலாம், அதற்கு ஒரு குழு அனுமதிக்க வேண்டும் என்றது. வந்தது வினை! முன்பின் அறியாத நோயாளிமீது பாசம் என்று குழுவின்முன் சொல்லிவிட்டு விற்பது வழக்கமாயிற்று. வாங்கியவருக்கோ நன்றிக்கடன் இல்லை; பணம்தான் கொடுத்தாயிற்றே!

2001-இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆய்வாளர்கள் விசாரித்தனர். அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனடைக்க விற்றவர்கள். கிடைத்ததோ சராசரி 1,070 டாலர். ஆயினும் நான்கில் மூவர் கடனாளிகளாகவே இருந்தனர். குடும்ப வருமானமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ‘விரும்பித்தானே விற்றார்?’ என்று கேட்போர் உண்டு. கடன்காரன் வாசலில் நிற்கையில் அது எவ்வகை விருப்பம்? பிறரும் இவ்வாறு விற்கலாமா என்று கேட்டதற்கு, 79 விழுக்காட்டினர் வேண்டாம் என்றே கூறினர்.