ஒரு கைப்பிடியை இழுத்தால் போதும்… தெரியுமா?

புனேயிலிருந்து கிளம்பி, லோணாவளா தாண்டிப் போனால் ஆம்பி வேலி விமான ஓடுதளம். ‘வேலி ரன்’ டிராக் ரேஸ் நடந்த இடம்! ஓட்டம் வெறும் 402 மீட்டர். அதற்குள் கார் தீப்பிடித்தால்? ஓட்டுநரைக் காப்பாற்றும் ஏற்பாட்டில் எத்தனை ஆச்சரியங்கள்!

● பந்தயக் கார்களின் எரிபொருளான மெத்தனால் பட்டப்பகலில் எரிந்தால் சுவாலை கண்ணுக்கே தெரியாது! 1981 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில், பிட்டில் நின்ற ஓட்டுநர் ரிக் மியர்ஸ் மீது அந்தத் தீதான் பற்றியது.

● ‘டாப் ஃபியூயல்’ வகை டிராக் ரேஸ் கார்கள் குடிக்கும் நைட்ரோமீத்தேன் இன்னும் பொல்லாதது. எரியத் தேவையான ஆக்சிஜனில் ஒரு பங்கை மூலக்கூறுக்குள்ளேயே வைத்திருக்கிறது!

● தீயணைப்பு சிலிண்டரின் பிடிமானம் 25 ஜி அதிர்வைத் தாங்க வேண்டும் என்கிறது சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி. அதாவது, 6 கிலோ சிலிண்டர் மோதும் நொடியில் 150 கிலோவாக இழுக்கும்!

● தீயணைப்பு மருந்தைப் பீய்ச்சும் நாசில்கள் இன்ஜினுக்கும் உண்டு, ஓட்டுநர் பக்கமும் உண்டு. ஆனால், ஓட்டுநரின் தலையை நேராகப் பார்த்து வைக்கவே கூடாது. பீய்ச்சி வரும் மருந்தின் குளிரே தோலைப் புண்ணாக்கிவிடும்!

● கார் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தாலும் கருவி வேலை செய்தாக வேண்டும். பெல்ட் மாட்டியபடியே ஓட்டுநரின் கைக்கு அதன் கைப்பிடி எட்டவும் வேண்டும்.

● பந்தயக் கார்மீது வெள்ளை வட்டத்தில் சிவப்பு நிற ஆங்கில ‘ஈ’ எழுத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வெளியிலிருந்து ஓடி வருபவர் இழுக்க வேண்டிய கைப்பிடி அங்கே இருக்கிறது!

● இவ்வளவையும் வீணாக்க ஒரு சின்னப் பின் போதும். ஷெட்டில் கருவி தவறுதலாக இயங்கிவிடாமல் செருகும் பூட்டு அது. ஓட்டத்துக்கு முன் உருவ மறந்தால், எவ்வளவு இழுத்தாலும் மருந்து வராது!

● தீயணைப்பில் ராஜாவாக இருந்த ஹேலான் வாயு, ஓசோன் படலத்தைத் தின்றது. 1994-லேயே வளர்ந்த நாடுகள் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டன.

● அதிவேகக் கார்களின் ஓட்டுநர் அணியும் கனத்த உடை, தீக்குள் சுமார் 40 நொடி தாங்கும். கருவி வேலை செய்வதும் ஆள் இறங்குவதும் அதற்குள் முடிய வேண்டும்!

● இந்த அக்கறை பஸ்ஸுக்கும் வந்துவிட்டது. இன்ஜின் தீயைத் தானே கண்டுபிடித்து அணைக்கும் கருவிக்கான ஏ.ஐ.எஸ். 135 தரநிலையை வெளியிட்டது, புனே கோத்ரூடில் இருக்கும் வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ.! பயணிகள் பகுதிக்கு 80 லிட்டர் தண்ணீரும் 16 தூவிகளும் கொண்ட அமைப்பை 2020-ல் இயக்கிக் காட்டியது பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.

இன்றிரவு ஆம்னி பஸ் ஏறுகிறீர்களா? “தீயணைப்புக் கருவி எங்கே இருக்கிறது அண்ணே?” என்று டிரைவரிடம் கேட்டுவிட்டே உட்காருங்கள்!