ஒட்டிப் பிறந்த பால் பல்

இரண்டு வயதுக் குழந்தைக்குப் பல் தேய்த்துவிடும்போது, கீழ்வரிசையில் ஒரு பல் மட்டும் மற்றதைவிட ஏறக்குறைய இரு மடங்கு அகலமாக, நடுவில் கோடு கிழித்தாற்போல் தெரிந்தால் எந்தத் தாய்க்கும் பகீரென்றுதான் இருக்கும். கர்ப்பத்தில் தின்ற இரட்டை வாழைப்பழம் வரைக்கும் வீட்டில் பேச்சு போகும். வாழைப்பழம் பாவம், அதற்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லை.

முளையிலேயே நடப்பது

கருவுக்கு ஆறேழு வாரம் ஆகும்போதே பால் பற்களின் முளைகள் தோன்றத் தொடங்கிவிடுகின்றன. அடுத்தடுத்த இரண்டு முளைகள் வளரும்போது சேர்ந்துவிட்டால் அது ஒட்டுப் பல். ஒரே முளை இரண்டாகப் பிரியத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டால் அது இரட்டைப் பல். பெரும்பாலும் முன்பற்களில்தான் இப்படி வரும். நிரந்தரப் பற்களைவிடப் பால் பற்களில் இது அதிகம். சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வருகிறது.

எண்ணிப் பாருங்கள்

மூன்று வயதுக்குள் மேலே பத்து, கீழே பத்து என 20 பால் பற்களும் வந்துவிடும். அகலமான பல்லை ஒன்றாகவே வைத்து அந்த வரிசையை எண்ணுங்கள். ஒன்பது வந்தால் பெரும்பாலும் இரண்டு பற்கள் ஒட்டியிருக்கின்றன. பத்து வந்தால் ஒரே பல் பிரியப் பார்த்திருக்கிறது. கூடுதலாக முளைத்த பல்லோடு ஒட்டியிருந்தாலும் பத்துதான் வரும் என்பதால், இந்தக் கணக்கு சில சமயம் ஏமாற்றும்.

எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பால் பற்கள் ஒட்டியிருக்கும் இடத்தில், அடியில் வரவேண்டிய நிரந்தரப் பற்களில் ஒன்று உருவாகாமலே போயிருக்கலாம். ஐந்தாறு வயதில் எடுக்கும் எக்ஸ்ரே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். என்னைக் கேட்டால், பல்லின் அழகைவிட இதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

கோட்டில்தான் வில்லங்கம்

நடுக்கோட்டில் பாலும் பிஸ்கட்டும் தங்கிச் சொத்தை பிடிக்கும். பிரஷ்ஷின் நார் அந்தப் பள்ளத்துக்குள் சரியாக நுழையாது. பல் டாக்டர் அதை மெல்லிய பூச்சால் அடைத்துவிடலாம். ஃப்ளோரைடு வார்னிஷும் தடவுவார். அதற்காகப் பல்லை நடுவில் பிளந்து இரண்டாக்கச் சொல்லாதீர்கள். உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள கூழ் இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம்.

ஒட்டுப் பல்லின் வேர் கரையத் தாமதமாகும். ஆறு முதல் எட்டு வயதில் விழவேண்டிய கீழ் முன்பல் அசையாமல் நிற்க, பின்னால் புதுப்பல் எட்டிப்பார்க்கும். அப்போது அந்தப் பால் பல்லைப் பிடுங்க வேண்டி வரலாம்.

கழுகு நகம்

மேல் முன்பல்லின் உட்புறத்தில் கழுகின் நகம்போல ஒரு கூர்முனை நீட்டிக்கொண்டிருப்பது பல் அமைப்பில் வரும் இன்னொரு வகைக் கோளாறு, மிக அரிது. கடிக்கும்போது இடிக்கலாம், நாக்கில் உரசலாம். அந்த முனைக்குள்ளும் கூழ் இருக்கக்கூடும். ஆகவே ஒரேயடியாக ராவாமல், பல தவணைகளில் சிறிது சிறிதாகத் தேய்த்துக் குறைப்பார்கள்.

முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. பால் பற்கள் எல்லாம் முளைத்துவிட்ட பிள்ளையென்றால், இன்றிரவு பல் தேய்க்கும்போது எண்ணிப் பாருங்கள்.