பவளத் தோட்டத்தில் ஒரு களை

சில ஆண்டுகளுக்கு முன் நான் சிங்கப்பூரில் வசித்தபோது, வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பிப் பவளங்கள் வளர்த்துவந்தேன். பவளம் வெறுங்கல் அன்று. சுண்ணாம்பினால் தமக்கு வீடு கட்டிக்கொள்ளும் சிற்றுயிர்களின் கூட்டம். ஒரு நாள், கிளைப் பவளம் ஒன்றின் அடியில் சாம்பல் நிறப் படலம் ஒன்று படர்ந்திருக்கக் கண்டேன். அழுக்கென்று எண்ணிக் கத்தியை எடுத்துத் தொட்டிக்குள்ளேயே சுரண்டிவிட்டேன். மறுநாள் நீர் கலங்கி நாற்றமெடுத்தது. ஓரிடத்தில் இருந்த படலம் சில வாரங்களில் ஐந்திடங்களில் தோன்றியது. பவளமோ வெண்ணிற எலும்புக்கூடாய் நின்றது. களையெடுப்பதாக எண்ணி நான் செய்தது விதைப்பு வேலை!

அப்படலம் கடற்பஞ்சு என்னும் உயிர். துளையுடலிகள் என்று உங்கள் பாடநூல் கூறும் இனம் அது. அதற்கு வாயில்லை, வயிறில்லை, நரம்புமில்லை. உடலெங்கும் நுண்துளைகள், உள்ளே சாட்டை போன்ற இழைகளையுடைய உயிரணுக்கள். அவ்விழைகள் ஓயாது அசைந்து நீரை உள்ளிழுக்கும். அந்நீரிலுள்ள நுண்ணுயிர்களே அதற்கு உணவு.

இனி, என் கத்தி ஏன் தோற்றது? 1907ஆம் ஆண்டில் எச். வி. வில்சன் என்னும் அமெரிக்க அறிஞர், கடற்பஞ்சு ஒன்றைப் பட்டுத்துணியில் இட்டுப் பிழிந்து, தனித்தனி உயிரணுக்களாகச் சிதறச் செய்தார். அவை ஊர்ந்து ஒன்றுகூடி மீண்டும் கடற்பஞ்சாக உருப்பெற்றன! இத்தகைய உயிரைத் தொட்டிக்குள் சுரண்டினால், சிதறிய துணுக்குகளுட் சில புதிய இடங்களில் ஒட்டி வளரும். மற்றவை அழுகி நீரைக் கெடுக்கும்.

பவளத்திற்கு இதனால் நேரும் தீங்கு யாது? பவளத்தின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவு சமைத்து ஊட்டுகின்றன. கடற்பஞ்சு மேலே போர்த்தினால் ஒளி மறைகிறது. பவளம் பட்டினியால் மடிகிறது. கடலிலும் இப்போர் உண்டு. பசிபிக் கடலின் குவாம் தீவில், ஒரு மில்லிமீட்டர் கனமும் இல்லாத கரும்படலமாய்ப் படர்ந்து உயிருள்ள பவளங்களை மூடிக் கொல்லும் கடற்பஞ்சு ஒன்றை 1970களில் கண்டனர். 1993இல் அதற்கு டெர்பியோஸ் ஹோஷினோட்டா எனப் பெயரிட்டனர்.

பிழையுணர்ந்தபின் நான் கைக்கொண்ட முறை எளியது. படலம் படர்ந்த கல்லைத் தொட்டியிலிருந்து எடுத்து, கடல்நீர் நிறைந்த வேறொரு பாத்திரத்தில் வைத்துச் சுரண்டி, பல் துலக்கும் தூரிகையால் தேய்த்தேன். பின்னர்ப் புதிய கடல்நீரில் அலசி, பவளம் உலருமுன் தொட்டியில் சேர்த்தேன். பெயர்க்க இயலாத கல்லில், நீருக்குள்ளும் இறுகும் எபாக்சிப் பசையைப் படலத்தின்மேல் அப்பி மூடினேன். நீரோட்டமற்ற கடற்பஞ்சு உணவின்றி மடிந்தது. கடற்பஞ்சைத் தின்னும் மீன்கள் உண்டு. ஆயின் அவற்றுட் பல பவளத்தையும் கொறிக்குமாதலின், அவற்றை நாடவில்லை.

இவையெல்லாம் கிளையை வெட்டும் வேலையே. வேர் வேறிடத்தில் இருந்தது. மீன்களுக்கு நான் அளவின்றி இரை தூவிவந்தேன். மிஞ்சிய இரை அழுகி, நுண்ணுயிர்களைப் பெருக்கிக் கடற்பஞ்சுக்கு நாள்தோறும் விருந்து படைத்தது. இரையைக் குறைத்து, முறையாக நீர் மாற்றியபின்னரே படலத்தின் வேகம் தணிந்தது.

ஆயினும், தொட்டியின் இருண்ட மூலைகளில் இருந்தவற்றை நான் தொடவில்லை. கடற்பஞ்சுகள் நீரில் கரைந்துள்ள சத்தை உண்டு, பிற உயிர்கள் உண்ணத்தக்க துகள்களாக மாற்றித் தருகின்றன என்பதை 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. வரப்பில் நிற்கும் புல் மாட்டுக்குத் தீனி. நாற்றின் நடுவே நின்றால் களை. அதன் இயல்பை அறியாமல் கத்தி எடுத்தேன். ஒரு பவளத்தை இழந்தேன். நீங்கள் ஓர் உயிரை விலக்கக் கருதும்போது, முதலில் அது எதை உண்டு வாழ்கிறது என்று கேளுங்கள். விடை பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கும்.