தில்லானா மோகனாம்பாள்: நாதசுரக் கலைஞர் நோக்கில்

ஏ.பி. நாகராசன் இயக்கத்தில் 1968இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ திரைப்படத்தை நடிப்பிற்காகப் போற்றுவோரே மிகுதி. கொத்தமங்கலம் சுப்பு ‘ஆனந்த விகடன்’ இதழில் தொடராக எழுதிய புதினமே அதன் மூலம் என்பதால் இலக்கிய மாணவர்க்கும் அது அறிமுகமானதே. ஆயின், நாதசுரம் வாசிப்போர் அப்படத்தில் எதனைக் காண்கின்றனர் என்னும் வினா நம் வகுப்பறைகளில் எழுவதில்லை. அந்நோக்கில் சிலவற்றை விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

அவர்கள் முதலில் பார்ப்பது விரல்களையும் மூச்சையும். நாதசுரத்தில் விரல் துளைகள் ஏழே. பன்னிரு சுரத்தானங்களும் கமகங்களும் துளையைப் பாதி மூடுவதாலும், சீவாளியின்மீது உதட்டின் அழுத்தத்தையும் மூச்சின் அளவையும் மாற்றுவதாலும் பிறக்கின்றன. ஆகவே, விரலசைவை மட்டும் பழகி நடித்தல் போதாது. எந்தச் சங்கதியின் முடிவில் மூச்சு வாங்கவேண்டும் என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும். சிவாஜி கணேசனின் கழுத்தும் கன்னமும் இதனை அறிந்தே இயங்குகின்றன. காஜாங்கில் எனக்கு அறிமுகமான கலைஞர் ஒருவர், இசை தமக்கு மனப்பாடமாதலின், ஒலியை நிறுத்திவிட்டு அக்காட்சிகளைப் பார்த்தாராம். மூச்சு வாங்கும் இடங்கள் பெரும்பாலும் பொருந்தியிருந்தன என்றார். அவ்விசையை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி சகோதரர்கள். படத்தைப் பலமுறை பார்த்த என் மாணவருள் இப்பெயர்களைக் கூறியவர் இதுவரை இலர்.

கோயில் புறப்பாட்டில் மல்லாரியில் தொடங்கி மணிக்கணக்கில் விரியும் வாசிப்பு, படத்தில் சில நிமிடங்களாகச் சுருங்குகிறது. திரைக்கு வேறு வழியில்லை.

ஆயின், மற்றொரு சுருக்கம் அவ்வாறு மன்னிக்கத்தக்கதன்று. கோயில் மரபில் நாதசுரக் குழு பெரிய மேளம் எனவும் ஆடற்குழு சின்ன மேளம் எனவும் வழங்கின. இரண்டிலும் பெரும்பாலும் இசைவேளாளர் குடும்பத்தினரே இருந்தனர். பெண்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947இல் சென்னை மாகாணச் சட்டம் தடைசெய்தது. ஏற்கெனவே தேய்ந்துவந்த சின்ன மேளம் மறைந்தது. பெரிய மேளம் நிலைத்தது. சண்முகசுந்தரமும் மோகனாவும் இவ்விரு மேளங்களின் வாரிசுகள். படமோ அதனைக் காதலர் இருவரின் செருக்காக மட்டும் காட்டுகிறது. செல்வர் ஆதரவை நாடும் தாய் வடிவாம்பாள் வெறும் பேராசைக்காரியாகவே வருகிறாள். புரவலரின்றி நடவாத தொழில் அது என்பதைப் படம் கூறவில்லை. இதனை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

அக்கலைஞர்க்கு இக்குறை பெரிதாகப் படவில்லை. கோயில் விழாவில் வேட்டுச் சத்தம் குறுக்கிட, சண்முகசுந்தரம் சினந்து வாசிப்பை நிறுத்தும் தொடக்கக் காட்சியே அவர்க்கு உகந்தது. நம் திருமண மண்டபங்களில் ஒலிபெருக்கியில் திரைப்பாடல் ஒருபுறமும் விருந்தினர் உரையாடல் மறுபுறமும் ஒலிக்க, இடையில் அவர் தோடி வாசிக்கிறார். தமக்கும் அவ்வாறு நிறுத்த மனம் வருவதுண்டு என்றார். முகூர்த்த நேரம் நெருங்கிவிடுவதால் நிறுத்த இயல்வதில்லையாம்.