பாடத்துக்கு முன் கஞ்சி

ஐந்து வயதுக் குழந்தை ஒன்று எதுவும் செய்யாமல் பாயில் உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் அதன் உடல் அந்த நேரத்தில் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மூளை எடுத்துக்கொள்கிறது. வளர்ந்தவர்களின் மூளைக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போதும். 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டபோது இன்னொன்றும் தெரியவந்தது: மூளை மிக அதிகமாகத் தின்னும் அந்த வயதில்தான் உடல் மிக மெதுவாக வளர்கிறது. மூளைக்கு முதல் பந்தி போட்டுவிட்டுக் கைகால்கள் காத்திருக்கின்றன.

கிழக்கு உகாண்டாவில், சோரோட்டியைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களில், பாலர் பள்ளிகளுக்குத் துணைநிற்கும் ஒரு கிறிஸ்தவ மிஷனரியின் நாள் அடுப்படியில் தொடங்குவதற்குக் காரணம் இந்தப் பசிதான். உகாண்டாவுக்கு முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் வந்தது 1877இல். அன்று முதலே திருச்சபையும் பள்ளியும் அங்கே ஒன்றாக வளர்ந்தன. 1997இல் அரசு தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. ஆனால் மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் படிப்பு பெரும்பாலும் பெற்றோர், ஊரார், சபைகள் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. அன்றாட ஆகாரத்துக்காக ஜெபிக்கும் மனிதர் அந்த ஆகாரம் குழந்தையின் தட்டுக்கு வந்து சேரும் வழி முழுவதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த வழியில் நாமும் பின்னோக்கி நடந்து பார்ப்போம்.

முதலில் கஞ்சி. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. நீரில் கலந்து சூடாக்கினால் 60 முதல் 70 டிகிரிக்குள் மாவுத் துகள்கள் தண்ணீரைக் குடித்துப் பருத்து ஒன்றையொன்று நெருக்குகின்றன. கஞ்சி கெட்டியாவது இதனால்தான். சோரோட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். பயறு வேக அதனால் நேரம் கூடும். கஞ்சிக்கோ ஒரு குறையும் இல்லை.

சிக்கல் குழந்தையின் வயிற்றில் இருக்கிறது. பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குத் தாங்குவது அரை லிட்டருக்கும் குறைவு. கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சினால் குழந்தையால் விழுங்க முடியாது. நீர்க்கக் காய்ச்சினால் வயிறு நிறையும், சத்து சேராது. நீர்போல ஓடவும் வேண்டும், மாவும் குறையக் கூடாது. எப்படி?

விடை கேழ்வரகு விதைக்குள் இருக்கிறது. ஓர் இரவு ஊறவைத்து இரண்டு மூன்று நாள் முளைகட்டினால், விதை தன் இளஞ்செடிக்கு ஊட்டுவதற்காக அமிலேஸ் என்னும் நொதியை உண்டாக்குகிறது. நொதி என்பது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். அமிலேஸின் வேலை மாவுச்சத்துச் சங்கிலிகளை வெட்டுவது. முளைகட்டிய தானியத்தைக் காயவைத்து அரைத்து, இறக்கிச் சற்று ஆறிய கெட்டிக் கஞ்சியில் ஒரு கரண்டி கலந்து கிளறினால், சில நிமிடங்களில் கஞ்சி இளகி ஓடத் தொடங்கும். சேர்ந்த ஆற்றல் அப்படியே இருக்கும். கொதிக்கும்போதே போட்டால் நொதி அழிந்துவிடும் என்பதால்தான் ஆறும்வரை காத்திருப்பது. இளகிய பிறகு கிருமிக்கு அஞ்சி இன்னொரு கொதி விடுவார்கள்.

நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு முளைகட்டிய ராகி மாவு அரைத்துவைக்கும் தாய்மார்கள் நம்பியிருப்பதும் இதே நொதியைத்தான். இதில் வியப்பு என்னவென்றால், கேழ்வரகின் பிறப்பிடமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். உகாண்டா, எத்தியோப்பியா பக்கத்தில் பயிராக்கப்பட்ட தானியம் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து நம்மிடம் வந்தது. சோரோட்டியின் டெசோ மக்களுக்கு அது இன்றும் சொந்தப் பயிர். நூறு கிராம் கேழ்வரகில் உள்ள சுண்ணாம்புச் சத்து, அதே அளவு பாலில் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

புரதத்திலும் ஒரு கூட்டணி நடக்கிறது. நம் உடலால் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது. அமினோ அமிலம் என்பது புரதத்தைக் கட்டும் துண்டு. ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் மற்றவை முழுப் பயன் தருவதில்லை. தானியத்தில் லைசின் குறைவு. கஞ்சி மாவில் சேர்க்கும் சோயாவில் அது தாராளம். சோயாவில் குறையும் மெத்தியோனினைத் தானியம் ஈடுகட்டுகிறது. ஆனால் பச்சைச் சோயாவில் நம் செரிமான நொதியையே முடக்கும் பொருள் ஒன்று உண்டு. வறுக்கும் சூட்டில் அது செயலிழக்கிறது. சமையல்காரம்மா மாவு அரைக்குமுன் சோயாவை வறுப்பதில் மணத்தோடு இந்தப் பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறது.

அடுத்தது அடுப்பு. மூன்று கல் வைத்து எரித்தால் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். பானைக்குச் சேர்வது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 1980களில் அமெரிக்கப் பொறியாளர் லாரி வினியார்ஸ்கி வடிவமைத்த ‘ராக்கெட் அடுப்பு’ இதை மாற்றியது. விறகைப் படுக்கையாக உள்ளே தள்ளும் வாய், அதன் முடிவில் செங்குத்தாக எழும் குழாய், குழாயைச் சுற்றி வெப்பம் கசியாத சுவர்: அமைப்பு இவ்வளவுதான். சூடான காற்று மேலே விரையும்போது கீழே புதுக்காற்றை இழுத்துக்கொள்கிறது. வீணாகப் போகவேண்டிய புகையும் அந்த வெப்பக் குழாய்க்குள்ளேயே எரிந்து ஆற்றலாகிறது. விறகுச் செலவு பாதி வரை குறையும். அறுபது குழந்தைகளுக்குக் காய்ச்சும் அம்மாவின் நுரையீரலுக்கு இது பெரிய விடுதலை.

கஞ்சி தயார். குழந்தைகள் கை கழுவ வேண்டும். இங்கே ஒரு மிஷன் கண்டுபிடிப்பு காத்திருக்கிறது. ஜிம்பாப்வேயில் இரட்சணிய சேனையில் பணியாற்றிய மருத்துவர் ஜிம் வாட், சுரைக்குடுவையைக் கயிற்றில் தொங்கவிட்டு ஒரு கைகழுவியை உருவாக்கினார். இன்று குடுவையின் இடத்தில் ஐந்து லிட்டர் ஜெரிகேன். பக்கத்தில் ஆணியால் ஒரு துளை, கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் காலால் மிதிக்கும் ஒரு குச்சி. மிதித்தால் கேன் சாய்ந்து மெல்லிய இழையாக நீர் ஊற்றும். முந்தைய குழந்தையின் அழுக்குக் கை பட்ட எதையும் அடுத்த குழந்தை தொடவேண்டியதில்லை. ஒருமுறை கழுவச் செலவாவது சுமார் 50 மில்லி லிட்டர். அறுபது பேருக்கு மூன்று லிட்டரில் வேலை முடிந்துவிடும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை கொழுப்பை விரும்பும். கொழுப்புப் பக்கம் அழுக்கைப் பற்றிக்கொள்ள, நீர்ப்பக்கம் அதை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. சோப்புப் போட்டுக் கைகழுவும் பழக்கம் வயிற்றுப்போக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு நாம் பார்த்துப் பார்த்துக் காய்ச்சிய கஞ்சி உடலில் ஒட்டாது. ஆக, கைகழுவுவதும் உணவூட்டலின் ஒரு பகுதிதான்.

இத்தனைக்கும் தண்ணீர் வேண்டும். அது நிலத்துக்குள் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. மேலிருந்து உறிஞ்சி எடுக்கலாமென்றால் இயற்கை விடாது. உறிஞ்சும்போது நீரை மேலே தள்ளுவது உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம். அந்த அழுத்தத்தால் கடலோரத்திலேயே பத்து மீட்டருக்கு மேல் தள்ள முடியாது. எனவே பிஸ்டனே கிணற்றுக்குள் இறங்கி, நீருக்குள் இருந்தபடி மேலே தூக்க வேண்டும். நீரும் இரும்புக் கம்பிகளும் சேர்ந்து கிட்டத்தட்ட நூறு கிலோ. கைப்பிடியின் நெம்புகோல் அமைப்பு இதை எட்டில் ஒரு பங்காக்குகிறது. தண்ணீருக்கு வரும் பத்து வயதுச் சிறுமிகூடத் தொங்கி அடித்து எடுத்துவிடலாம்.

உகாண்டாவில் பரவலாக இருக்கும் இந்த அடிபம்பின் பெயர் ‘இந்தியா மார்க் 2’. அதன் கதையில் மிஷனும் உண்டு, தமிழ்நாடும் உண்டு. ஒரு குடும்பத்தின் தேவைக்கு வார்த்த வார்ப்பிரும்புப் பம்புகளை 1960களில் இந்தியக் கிராமங்களில் நட்டார்கள். ஊரே நாள் முழுக்க அடித்ததில் அவை உடைந்தன. 1970களின் நடுவில் எடுத்த கணக்கில் முக்கால்வாசிப் பம்புகள் வேலை செய்யவில்லை. அந்நாளில் மகாராஷ்டிரத்தின் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் மிஷன்களின் கிணற்றுப் பணிகளை ஒட்டி உருவான எஃகுப் பம்புகள் மட்டும் தாக்குப்பிடித்தன. கைப்பிடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சங்கிலி, வளைந்த இரும்பின்மேல் உருளும்படி. கை எந்தக் கோணத்தில் இறங்கினாலும் கம்பி நேர்செங்குத்தாகவே மேலேறும். பக்கவாட்டுத் தேய்மானம் இல்லை. இந்த உத்தியை எடுத்துக்கொண்டு யுனிசெஃப் துணையோடு புதுப் பம்பு உருவானது. கோயம்புத்தூர்ப் பகுதியின் ஆழ்கிணறுகளில் அதைச் சோதித்தார்கள். சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் தொழிற்சாலை தயாரித்தது. பிறகு லட்சக்கணக்கில் உலகெங்கும் போனது.

அந்தப் பம்பிலும் ஒரு குறை மிஞ்சியது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சிறு வாஷர் தேய்ந்தால், கிணற்றுக்குள் இருக்கும் குழாய்கள் முழுவதையும் வெளியே இழுக்க வேண்டும். அதற்கு லாரியும் ஆட்களும் நகரத்திலிருந்து வரவேண்டும். வரும்வரை பள்ளிக்குத் தண்ணீர் இல்லை. ‘மார்க் 3’ இதைத் தீர்த்தது. அதில் குழாயை அகலமாக்கினார்கள், அவ்வளவுதான். குழாய் கிணற்றிலேயே இருக்க, பிஸ்டனை மட்டும் அதன் வழியே மேலே உருவி எடுக்கலாம். சில ஸ்பேனர்களும் இரண்டு மூன்று பேரும் இருந்தால் ஊராரே வாஷர் மாற்றிவிடலாம்.

மிஷனரியின் நாளில் குறைவாகப் பேசப்படுவதும் கூடுதலாகப் பலன் தருவதும் ஊராரையே பழுதுபார்க்கப் பழக்கும் இந்தப் பாடம்தான் என்பேன். காலையில் குழந்தைகளோடு பாடுகிறார், சோடா மூடிகளை வைத்து எண்ணச் சொல்லித்தருகிறார். மதியம் தண்ணீர்க் குழுவின் பெண்களோடு பம்பைப் பிரிக்கிறார், மாதச் சந்தாவை நோட்டில் எழுதப் பழக்குகிறார், உதிரி வாஷர் கையிருப்பைச் சரிபார்க்கிறார். முளைகட்டும் பக்குவம் அந்த ஊர்க் கிழவிகளுக்கே தெரியும். அதை அவர்களிடம் கேட்டுப் பள்ளி அடுப்படிக்குக் கொண்டுவருகிறார். ஒவ்வொரு கண்ணியையும் ஊரில் ஒருவர் கையில் ஒப்படைப்பதே அவர் வேலை. வாஷர் தேய்ந்த மறுநாளே, அவர் வேறு ஊரில் இருந்தாலும், அறுபது தட்டிலும் கஞ்சி விழுகிறதென்றால் அவர் பணி நிறைவேறியிருக்கிறது.