மாட்டுக்கு மருந்து, பாறுக்கு நஞ்சு

பெங்களூரிலிருந்து மைசூர் ரயிலில் போகும்போது ராமநகரம் அருகே வரும் பாறைக் குன்றுகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். ‘ஷோலே’ படம் எடுத்த இடம் என்று குழந்தைகளுக்குக் காட்டுவோம். அங்குள்ள ராமதேவர பெட்டா, 2012-இல் பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 346 ஹெக்டேர். ஆனால் பறவைகளோ விரல் விட்டு எண்ணும் அளவில்தான்.

பிணந்தின்னிக் கழுகைப் பழந்தமிழில் ‘பாறு’ என்பார்கள். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் வந்து பிரசாதம் உண்டவையும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருந்த பறவை இது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது.

முதலில் ஏதோ தொற்றுநோய் என்றே நினைத்தார்கள். 2004-இல் பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் செய்த ஆய்வில் உண்மை வெளிவந்தது. மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோஃபெனாக் ஊசிதான் காரணம். ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்தால் மருந்து உடலிலேயே தங்கிவிடுகிறது. அந்த இறைச்சியைத் தின்ற பறவையின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் படிகிறது.

நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இவ்வளவு அழிவும் நேரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ரயில்வேயில் வேலை பார்த்த எனக்கு இதில் வியப்பில்லை. பல மைல் பாதை நன்றாக இருந்தும் ஒரே ஒரு தண்டவாளத்தில் விரிசல் விட்டால் வண்டி கவிழும். ஒரு சடலத்தில் பல பறவைகள் கூடி உண்ணும். அதோடு, பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். இழப்பை ஈடுசெய்ய வழி ஏது?

2006-இல் அரசு கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. ஆனால் மனிதருக்கென விற்ற 30 மி.லி. புட்டிகள் மாட்டுக்குப் போயின. ஆகவே 2015-இல் அதை 3 மி.லி. அளவாகக் குறைத்தார்கள். 2023-இல் அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் இரண்டையும், 2024 இறுதியில் நிமசுலைடையும் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள்.

அப்படியானால் மாடு வலியில் துடிக்க வேண்டியதுதானா? வேண்டாம். மெலாக்ஸிகாம் என்ற மருந்து மாட்டின் வலியைத் தணிக்கும். பாறுகளுக்கும் கெடுதல் செய்யாது. மருந்தே இல்லாத அக்குபங்சரும் உண்டு. 1974-இலேயே அமெரிக்காவில் கால்நடை அக்குபங்சருக்கென ஒரு சர்வதேசச் சங்கம் தொடங்கினார்கள். குதிரை, நாய்களின் மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் இந்த ஊசி முறையைக் கையாளுகிறார்கள். மருந்து எச்சம் தங்காது என்பது இதன் நன்மை. ஆனால் இதன் பலனுக்கு உறுதியான சான்று இன்னும் குறைவு. கடும் காய்ச்சலோ மடிவீக்கமோ கண்ட மாட்டை இதை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது.

நம்மில் பலருக்குச் சொந்த ஊரில் இன்னும் மாடு கன்று உண்டு. நீலகிரி மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் கூடு கட்டுகின்றன. பொங்கலுக்கு ஊர் போகும்போது வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு செய்தி சொல்லுங்கள். மருந்துக்கடையில் தாமாக ஊசி வாங்கிப் போட வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் மெலாக்ஸிகாம் போதுமா என்று கேட்க வேண்டும். ஊசி போட்ட மாடு இறந்துவிட்டால் வெட்டவெளியில் போடாமல் ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். செலவு அதிகமில்லை, பிழைப்பது ஓர் இனம்.